சூரிய கூடார உலர்த்தி: களத்து விலையில் இதற்கு எவ்வளவு போடலாம்?

வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் எனச் சோதனைச்சாவடிகளை ஒட்டிய ஊர்களில் தமிழ்நாடு, கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொப்பரைக் களங்கள்தான். சிமெண்ட் தளம், ஓரத்தில் தொட்டி (சிரட்டை) குவியல், தார்ப்பாய்ச் சுருள். இப்போது பல களங்களில் இதோடு ஒரு பாலிகார்பனேட் கூடாரமும் நிற்கிறது. வேளாண் பொறியியல் துறை இதைச் ‘சூரிய கூடார உலர்த்தி’ என்கிறது. களத்துக்காரர்கள் ‘டன்னல்’ என்கிறார்கள். களம் கைமாறும்போது விற்பவர் முதலில் காட்டுவது இதைத்தான், விலையில் சேர்ப்பதும் இதைத்தான். போட்ட செலவு ஐந்து லட்சம் என்றால் விலையிலும் ஐந்து லட்சம் ஏறுகிறது. அந்தக் கணக்கு தவறு. ஏன் தவறு என்று சொல்ல, பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

உடைத்த தேங்காய்ப் பருப்பில் 45 முதல் 50 சதவீதம் ஈரம் இருக்கும். அரவை மில்லும், அரசுக்காகக் கொப்பரை கொள்முதல் செய்யும் நாபெட்டும் கேட்பது 6 சதவீதம். அங்கே போய்ச் சேரும் வேகம் முக்கியம்: முதல் 24 மணி நேரத்தில் ஈரம் 35 சதவீதத்துக்கு இறங்க வேண்டும், அடுத்த 24 மணி நேரத்தில் 20க்கு. முதல் நாள் தவறினால் பருப்பின் மேல் வழவழப்பு பிடிக்கும், அடுத்து மஞ்சளும் பச்சையுமாகப் பூஞ்சை வரும். அந்தப் பூஞ்சைதான் அஃப்ளாடாக்சின் நஞ்சுக்குக் காரணம். மாசி, பங்குனி வெயிலில் திறந்த களமே இந்த வேலையை ஒரு வாரத்தில் முடித்துவிடும். சிக்கல் ஆனி, ஆடியில். பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்றோடு வரும் சாரல் கொட்டித் தீர்க்காது, விடவும் விடாது. தார்ப்பாயை மூடுவதும் திறப்பதுமாக நாள் போகும், மூடிய பாய்க்குள் பருப்பு புழுங்கும். அதனால்தான் அந்த மாதங்களில் பலர் காயை உரித்து, மழை குறைந்த காங்கயம் பக்கக் களங்களுக்கு அனுப்பிவிடுகிறார்கள், அல்லது கந்தகம் போட்டு வெள்ளை காட்டுகிறார்கள்.

இந்த இரண்டு வழிக்கும் மாற்றாகத்தான் கூடாரம் விற்கப்படுகிறது. வெயில் காலத்தில் மூன்று, நான்கு நாளில் காய்ந்துவிடும் என்பது உண்மை. தூசி, காக்கை, நாய், திடீர் மழை எதுவும் தொடாது என்பதும் உண்மை. சாரல் காலத்தில் ஆறு நாள் வரை இழுக்கும். இதை விற்பனையாளர் சொல்வதில்லை.

கூடாரத்தில் பார்க்க வேண்டிய பாகங்கள் நான்கைந்துதான், ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு வில்லங்கம் உண்டு. பாலிகார்பனேட் தகட்டில் புற ஊதாக் கதிரைத் தாங்கும் பூச்சு பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும். அந்தப் பக்கத்தின் மேல் ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளில் அச்சு இருக்கும், அது வானத்தைப் பார்க்க வேண்டும். அவசரத்தில் தாளை உரித்துவிட்டுத் திருப்பிப் போட்டால் சில வருடத்தில் மஞ்சளாகி, தட்டினால் உடையும். சரியாகப் போட்ட தகடு பத்து வருடம் நிற்கும். 200 மைக்ரான் பாலித்தீன் தாள் போட்டது என்றால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றும் செலவு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது திருகாணி. பாலிகார்பனேட் வெயிலில் மீட்டருக்கு 3 மி.மீ. வரை நீளும், இரவில் சுருங்கும். துளை திருகாணியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்து, மேலே ரப்பர் வாஷர் உட்கார வேண்டும். இறுக்கி முடுக்கிய கூடாரங்களில் திருகாணியைச் சுற்றி மயிரிழை விரிசல் ஓடியிருக்கும். வாங்குமுன் ஏணி வைத்து ஏறி அதைப் பாருங்கள். சாரல் காலத்தில் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து அடிக்கும், ஆகவே கூடாரத்தின் குறுகிய முகம் மேற்கைப் பார்த்து, நீளம் கிழக்கு மேற்காக இருப்பது நல்லது. காற்று உள்ளே வரும் துவாரங்கள் மேற்கே தாழ்வாகவும், வெளியேற்றும் விசிறி கிழக்கே உயரமாகவும் இருந்தால் காற்றே பாதி வேலையைச் செய்யும். வளைவுக் குழாய்களின் கால் இரண்டடி ஆழக் கான்கிரீட்டில் இறங்கியிருக்க வேண்டும். தளத்தில் போல்ட் போட்டு மட்டும் நிறுத்தியதை ஆடிக் காற்று சும்மா விடாது.

விசிறிதான் இந்தச் சாதனத்தின் உயிர், இதில்தான் எல்லோரும் மிச்சம் பிடிக்கிறார்கள். சோலார் தகட்டிலிருந்து நேராக ஓடும் 12 வோல்ட் விசிறி மேகம் மூடினால் நின்றுவிடும். ஈரம் அதிகம் தேங்குவதும் அந்த நேரத்தில்தான். நீராவி கூரையில் முத்து முத்தாகத் திரண்டு பருப்பின் மேலேயே சொட்டும். வெளியில் நனையாமல் காப்பாற்றியதை உள்ளே நனைக்கும் கூத்து இது. பேட்டரியோ வீட்டு மின்சாரமோ மாற்று இணைப்பாக இருந்தே ஆக வேண்டும். மாலையில் உள்வெப்பம் வெளிவெப்பத்துக்கு இறங்கும் வரை விசிறி ஓடட்டும், பிறகு துவாரங்களை மூடிவிட வேண்டும். காய்ந்த கொப்பரை இரவு ஈரத்தைத் திரும்பக் குடிக்கும்.

கொள்ளளவு விஷயத்தில் விற்பனைத் தாளை நம்பாமல் நீங்களே கணக்குப் போடுங்கள். உடைத்த மூடி ஒன்று சராசரி நாலரை அங்குலம் விட்டம், அதாவது 0.14 சதுர அடி இடம். ஆயிரம் காய்க்கு இரண்டாயிரம் மூடி, 280 சதுர அடி. 20க்கு 30 என 600 சதுர அடிக் கூடாரத்தில் நடைபாதை போக 480 சதுர அடி மிஞ்சும். ஒற்றை அடுக்கில் 1,700 காய், இரண்டு தட்டு போட்டால் 3,400. ‘ஐயாயிரம் காய் பிடிக்கும்’ என்று சொன்னால் குவித்துப் போடச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். முதல் இரண்டு நாள் குவித்தால் அடியில் உள்ளது புளிக்கும். தொட்டி கழன்ற பிறகு இடம் மிஞ்சும், அப்போது கொஞ்சம் நெருக்கிப் போடலாம்.

வெப்பம் 60 முதல் 65 டிகிரிக்கு மேல் ஏறக்கூடாது. பங்குனி மதியத்தில் விசிறி நின்ற கூடாரம் சுலபமாக அதைத் தாண்டும். அப்போது பருப்பின் மேல்தோல் இறுகி, உள் ஈரம் வெளியே வர வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும். கையில் எடுத்தால் காய்ந்தது போலவே இருக்கும், மூட்டையில் பத்து நாள் கிடந்தால் நடுவில் பூஞ்சை. மில்லில் சரக்கு இறக்கும் ஆள் இதை ஒரு நொடியில் கண்டுபிடிப்பார். மூட்டையின் நடுவில் கைவிட்டு ஒரு மூடியை எடுத்து, இரண்டாக முறித்து, முறிந்த இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்துவார். ‘டக்’கென்று முறிந்து நகத்தில் எண்ணெய் மினுங்கினால் ஒன்றும் பேசமாட்டார். ரப்பர் மாதிரி வளைந்தால், “ஏனுங்க, மேலதான் காஞ்சிருக்குது, உள்ள பச்சையா இருக்குதுங்களே” என்று தள்ளிவைத்து, கழிவு (பிடித்தம்) பேச ஆரம்பிப்பார்.

ஈரமானி இல்லாதவர்களுக்கு எடைக் கணக்கு போதும். பத்து மூடியின் பருப்பை மட்டும் எடுத்து, வலைப்பையில் போட்டு எடை பார்த்து, அதே அடுக்கின் நடுவில் வைக்க வேண்டும். தொடக்க ஈரம் 50 சதவீதம் என்றால் ஒரு கிலோ 532 கிராம் ஆகும்போது 6 சதவீதத்தைத் தொட்டிருக்கும். நன்கு முற்றிய காயில் தொடக்கம் 45 ஆக இருக்கலாம், அப்போது 585 கிராம். ஒவ்வொரு தோப்புக்கும் ஒருமுறை கணக்கெடுத்துச் சுவரில் எழுதி வைத்தால் பிறகு யாரும் குழம்ப மாட்டார்கள்.

இனி சந்தை. கூடாரத்தில் காய்ந்த கொப்பரைக்குச் சந்தை கூடுதல் விலை தருமா என்பதற்குப் பதில் ‘யாரிடம் விற்கிறீர்கள்’ என்பதில் இருக்கிறது. இயந்திரத்தில் எண்ணெய் பிழியும் எக்ஸ்பெல்லர் மில்லுக்கு எண்ணெய் வந்தால் சரி, நிறம் இரண்டாம் பட்சம். மரச்செக்குக் கடைக்குக் கந்தகம் இல்லாத, புகை வாசனை படாத, வெள்ளைப் பருப்பு வேண்டும். பொள்ளாச்சி, பாலக்காடு நகரங்களில் கண்முன்னே ஆட்டித் தரும் செக்குக் கடைகள்தான் கூடாரச் சரக்கின் இயல்பான வாடிக்கையாளர். ஆனால் அவர்கள் வாங்குவது மூட்டைக் கணக்கு, லாரிக் கணக்கு அல்ல.

இங்கே ஒரு கசப்பான கணக்கு இருக்கிறது. 6 சதவீத ஈரத்தில் 100 கிலோ கொப்பரை என்றால் அதில் 94 கிலோ உலர் பொருள். அதே 94 கிலோவை 9 சதவீத ஈரத்தில் நிறுத்தி விற்றால் எடை 103.3 கிலோ. சரியாகக் காய வைத்தவர் குவிண்டாலுக்கு மூன்று கிலோவுக்கு மேல் தண்ணீரை விற்காமல் விட்டுவிடுகிறார். கிலோ 200 ரூபாய் விற்கும்போது அது 660 ரூபாய். ஈரத்துக்குக் கழிவு பிடிக்காமல் கண்பார்வையில் விலை போடும் வியாபாரியிடம் விற்றால், நல்ல கூடாரம் நட்டத்தைத்தான் தரும். ஆர்வக்கோளாறில் 4 சதவீதம் வரை காய வைத்தால் இன்னும் இரண்டு கிலோ போச்சு. ‘டன்னல் போட்டேன், ஒன்றும் கிடைக்கவில்லை’ என்று சொல்பவர்களில் பலருக்கு ஓட்டை இங்கேதான் இருக்கிறது. சாதனத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆகவே காசு போடுமுன் சந்தையைச் சோதிக்க வேண்டும். மில்லுக்குப் போய் ‘இப்படிக் கொப்பரை கொடுத்தால் வாங்குவீர்களா’ என்று கேட்பது சோதனை ஆகாது. எல்லோரும் ‘கொண்டாங்க, பார்க்கலாம்’ என்பார்கள். ஒரே தோப்பின் ஒரே வெட்டில் 2,000 காய் எடுங்கள். ஆயிரத்தைக் களத்தில் போடுங்கள், ஆயிரத்தை வாடகைக் கூடாரத்திலோ பக்கத்துக் களத்துக்காரர் கூடாரத்திலோ போடுங்கள். ஆயிரம் காய்க்குச் சுமார் 140 கிலோ வரும், இரண்டிலும் எடையைத் தனியாக எழுதுங்கள். மூட்டைகளில் ‘அ’, ‘ஆ’ என்று மட்டும் குறி. எது கூடாரத்துச் சரக்கு என்று சொல்லாமல் ஒரே நாளில் ஒரே மில்லுக்கு அனுப்பி, சொன்ன விலை, பிடித்த கழிவு, பணம் வந்த நாள் மூன்றையும் குறியுங்கள். கடைசியாகச் சொன்னதை யாரும் எழுதுவதில்லை. விலை ஒன்றாகவே இருந்தாலும், ஒரு சரக்குக்குப் பணம் ஒரு வாரத்திலும் இன்னொன்றுக்கு மூன்று வாரத்திலும் வந்தால் அது பெரிய வித்தியாசம்.

இன்னும் மலிவான சோதனைக் களம் ஆனைமலை ஒழுங்குமுறை விற்பனைக் கூடம். அங்கே கொப்பரை மறைமுக ஏலத்தில் போகிறது, முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரித்து விலை விழுகிறது. இரண்டு குவியலையும் தனித்தனி எண்ணில் வைத்தால், ஒருவரை ஒருவர் பார்த்து விலை சொல்லாத பல வியாபாரிகளின் மதிப்பீடு ஒரே நாளில் கிடைத்துவிடும். மில்காரரின் முகத்தாட்சண்யம் இதில் இல்லை.

இதை ஒரே பருவத்தில் செய்துவிட்டு முடிவெடுக்கக்கூடாது. பங்குனியில் செய்தால் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே விலைதான் விழும், கூடாரம் வீண் என்று தோன்றும். ஆடியில் மட்டும் செய்தால் கூடாரம் தங்கச் சுரங்கம் என்று தோன்றும். மாசி பங்குனி, ஆனி ஆடி, ஐப்பசி என்று மூன்று முறை செய்தால்தான் வருடக் கணக்கு கைக்கு வரும். செக்குக் கடைக்காரர்களிடம் சோதிப்பது இன்னும் எளிது: அடுத்த மாதச் சரக்குக்கு முன்பணம் கேளுங்கள். பாராட்டு இலவசம், முன்பணம் அப்படி அல்ல.

இப்போது மதிப்புக்கு வரலாம். 600 சதுர அடி, இரண்டு தட்டு, ஒரு சுற்றுக்கு 3,400 காய், ஐந்து குவிண்டாலுக்குக் கொஞ்சம் குறைவு. தென்மேற்கும் வடகிழக்குமாக மழை மாதம் ஐந்து, சுற்றுக்கு ஆறு நாள், ஆக 25 சுற்று, சுமார் 120 குவிண்டால். மழையில் திறந்த களத்தில் நூறு கிலோவுக்கு 40 கிலோ இரண்டாம் தரத்துக்கு விழுகிறது, கூடாரத்தில் 10 கிலோதான் விழுகிறது, தர வித்தியாசம் கிலோவுக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இவை உதாரண எண்கள், உங்கள் சோதனையில் வந்ததை இந்த இடத்தில் போடுங்கள். குவிண்டாலுக்கு 600, வருடத்துக்கு 72,000 ரூபாய். வெயில் மாதங்களில் அள்ளி மூடும் கூலி மிச்சம் ஒரு 15,000. தகடு மாற்ற ஒதுக்கு, விசிறி, மின்சாரம், கழுவல் எல்லாம் 27,000. நிகரம் 60,000. மில் ஈரக் கழிவு பிடிக்கும் இடமாக இருந்தால்தான் இது நிற்கும், இல்லாவிட்டால் மேலே சொன்ன 660 ரூபாய் இதை மொத்தமாக விழுங்கிவிடும்.

சிறு தொழில் கைமாறும்போது, உரிமையாளரின் சம்பளம் போன நிகர வருமானத்தைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்றுதான் பேசுவது வழக்கம். நாளைக்கு விலை விழலாம், மில்காரர் மாறலாம், வேர் வாடல் நோயால் பக்கத்துத் தோப்புகள் காய் குறையலாம். மூன்று மடங்கே வைத்தாலும் இந்தக் கூடாரத்துக்குக் கொடுக்கத் தகுந்தது 1,80,000. ஐந்து லட்சம் செலவானது என்பது விற்பவரின் கவலை. அதிலும் மானியம் வாங்கியிருப்பார். 40 சதவீதம் என்றால் அவர் கைப்பணம் மூன்று லட்சம்தான். ஒப்புதல் ஆணையை வாங்கிப் படியுங்கள், குறிப்பிட்ட காலம் வரை விற்கவோ இடம் மாற்றவோ கூடாது என்ற நிபந்தனை இருந்தால் அந்தச் சிக்கல் உங்கள் தலையில் வந்து விழும். மானியம் நிலம் இருக்கும் மாநிலத்தைப் பொறுத்தது. கேரளத்தில் இருக்கும் எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் களத்துக்குப் பொள்ளாச்சி அலுவலகத்தில் விண்ணப்பிக்க முடியாது.

களத்தின் மற்ற கணக்கில் இரண்டு இடத்தில் மட்டும் விழிப்பு தேவை. முதலாவது 2025. அந்த ஆண்டு அரவைக் கொப்பரைக்கு அறிவித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய். வெளிச்சந்தையோ கிலோ 200ஐத் தாண்டிப் போனது. அந்த வருடத்து விற்பனைத் தொகையைக் காட்டி யார் விலை சொன்னாலும் அது களத்தின் திறமை அல்ல, கையிருப்புச் சரக்குக்கு அடித்த யோகம். ரூபாயை விட்டுவிட்டு, வருடத்துக்கு எத்தனை காய் உடைத்தார்கள், காய்க்கு எவ்வளவு மிஞ்சியது என்று மூன்று வருடத்துக்குக் கேளுங்கள். உரிப்புக் கூலிச் சீட்டும் தொட்டி விற்ற பில்லும் பொய் சொல்லாது. தொட்டி எடையிலிருந்து காய் எண்ணிக்கையைத் திரும்பக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டாவது, தோப்புக்காரர்களுக்கும் உரிக்கும் ஆட்களுக்கும் கொடுத்த முன்பணம். விற்பவர் அதைச் சொத்தாகக் காட்டுவார். ஆள் உங்களிடம் வேலைக்கு வந்தால்தான் அது பணம், வராவிட்டால் வெறும் நோட்டு எழுத்து.

எல்லையோரத்துக்கே உரிய ஒரு பொறியும் இருக்கிறது. கொப்பரைக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. 40 லட்சம் வரை பதிவு வேண்டாம் என்ற சலுகை மாநிலத்துக்குள் விற்கும் வரைதான். வியாபாரியாக வாங்கி, உலர்த்தி, அடுத்த மாநிலத்துக்கு விற்றால் முதல் மூட்டைக்கே பதிவு கட்டாயம், சரக்கு மதிப்பு 50,000 தாண்டினால், கொண்டுபோக இ-வே பில் என்ற மின்னணுச் சீட்டும் வேண்டும். பதிவில்லாத களம் ‘கேரளா பார்ட்டி நிறைய’ என்று பெருமை பேசினால், அந்த வருமானத்தை மதிப்பில் சேர்க்காதீர்கள்.

யாருக்கு இது சரி? மழை மாதங்களில் களத்தையே மூடிவிட்டு ஆட்களை இழப்பவர்களுக்கு, அவர்களுக்குத் தர வித்தியாசம் மட்டுமல்ல, அந்த 120 குவிண்டாலின் முழு லாபமும் புது வரவு. சொந்தச் செக்கு வைத்திருப்பவர்களுக்கும் யோசிக்காமல் சொல்லலாம், அவர்கள் எடை இழப்பை எண்ணெயில் எடுத்துவிடுவார்கள். நாளுக்குப் பத்தாயிரம் காய் உடைக்கும் பெரிய களத்துக்கு இது போதாது. காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய, தொட்டியை எரித்துப் புகை படாமல் உலர்த்தும் உலர்த்தி ஆயிரம் காயை ஒரு நாளில் முடிக்கிறது. மழைக்கு அது மேல், ஆனால் நெருப்புக்கு ஆள் காவல் வேண்டும், விற்கக்கூடிய தொட்டியும் எரிந்து போகும். எக்ஸ்பெல்லர் மில்லுக்கு மட்டும் கண்பார்வை விலைக்கு விற்கும் களத்துக்குக் கூடாரத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதலில் ஈரமானி வைத்து விலை போடும் மில்லைத் தேடுங்கள்.

பழைய கூடாரத்தோடு களம் பேசுபவர்கள் பேச்சை ஆடி மாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு ஏற்றிய இரண்டாம் நாள் காலை ஆறு மணிக்குச் சொல்லாமல் போய், கூரையின் உட்பக்கத்தையும் மேல்தட்டு மூடிகளையும் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் மாற்று மின் இணைப்பு எங்கே என்று கேளுங்கள். அது இல்லையென்றால் புது விசிறி, பேட்டரி, வயரிங் செலவை அந்த 1,80,000இல் கழித்துவிட்டுப் பேசுங்கள்.